காருக்கு ஏன் இத்தனை தாகம்?

மனிதனுக்குத் தாகம் எடுப்பது இயற்கை. மாட்டுக்கும் குதிரைக்கும் எடுப்பதும் இயற்கை. ஆனால் மோட்டார் காருக்குத் தாகம் எடுக்கக் கூடாது. பெட்ரோல் கேட்கலாம், அது அதன் ஆகாரம். வயதான வண்டியானால் எப்போதாவது கொஞ்சம் எண்ணெய் கேட்கலாம்; போகட்டும் என்று மன்னித்து விடலாம். தண்ணீர் மட்டும் தினந்தோறும் கேட்டால், உள்ளே எங்கேயோ வியாதி புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய கார் உள்ள வீடுகளில் காலை வேளையில் நடக்கும் ஒரு சடங்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டு எஜமானர் செம்பும் கையுமாக வருவார். பானெட்டைத் தூக்குவார். ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, கழுத்து வரையில் நீரை வார்த்து, மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக் கொள்வார். "வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும், ஸார்! மற்றபடி தங்கம்!" என்று நம்மிடம் சொல்லவும் சொல்வார். இந்தத் தங்கம் என்றைக்காவது ஒரு நாள் குழந்தை குட்டிகளோடு கொடைக்கானல் மலைப் பாதையில் ஏறும்போது, முன்பக்கமெல்லாம் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். அப்போதுதான் எஜமானருக்குத் தாம் இத்தனை நாளும் செய்தது வைத்தியமல்ல, வியாதியை மூடி மறைத்த காரியம் என்பது தெரியும்.

அப்படி என்ன பிரமாதம் அந்தத் தண்ணீரில், என்று கேட்பீர்கள். எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் உஷ்ணத்தில் சுமார் கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் ஸிலிண்டரின் தலைப்பகுதி சூடேறிக் கோணிக்கொள்ளும். அதற்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் உள்ள 'ஹெட் காஸ்கெட்' என்னும் தகடு கருகிப் போகும். செம்புத் தண்ணீரில் ஆரம்பித்த சமாசாரம் எஞ்சினையே பிரித்துப் போடுவதில் வந்து முடியும்.

இன்னொரு விபரீதம் கேளுங்கள். வண்டியில் உஷ்ணமானி இருக்கிறதே, அது காட்டிக் கொடுக்காதா என்றால், எப்போதும் காட்டிக் கொடுக்காது. அதன் முனை தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் இறங்கிப்போய் முனை வெறும் ஆவியில் தொங்க ஆரம்பித்துவிட்டால், எஞ்சின் கொதிக்கும்போதும் முள் சாதுவாக நின்றுகொண்டிருக்கக் கூடும்!

ஆகையால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு ஊற்றுவது?" என்பதல்ல, "ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?" என்பதுதான்.

இதில் பாதிப்பேர் விஷயத்தில் தண்ணீர் எங்கேயும் ஒழுகுவதே இல்லை என்றால் நம்புவீர்களா? அம்பாஸடர் போன்ற பழைய வண்டிகளை எடுத்துக் கொள்ளுங்கள். 1957-ல் ஆரம்பித்து 2014 வரையில் வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி அது. அதில் பெரும்பாலானவற்றில், இந்தக் காலத்துக் கார்களைப்போல் உபரி நீரைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பிளாஸ்டிக் ஜாடி கிடையாது. சுமார் ஏழு லிட்டர் நீர் அதற்குள் சுற்றுகிறது. தண்ணீர் சாதாரண உஷ்ணத்திலிருந்து கொதிநிலைக்கு வரும்போது நூற்றுக்கு நாலு பங்கு பெருக்கும். ஆகவே கழுத்து முட்ட நிரப்பினால், ஒவ்வொரு நாளும் கால் லிட்டர் அளவுக்கு இடமில்லாமல் பக்கத்துச் சிறு குழாய் வழியே வெளியேறத்தான் செய்யும். மறுநாள் காலையில் நீங்கள் குறைந்திருக்கிறதே என்று மறுபடி கழுத்து வரையில் நிரப்புவீர்கள். அது மறுபடி வெளியேற்றும். இந்த விளையாட்டு வருஷக்கணக்கில் நடக்கும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அதே மட்டத்தில் நின்றால் உங்கள் காருக்கு வியாதி ஒன்றும் இல்லை.

அடுத்த ஆசாமி, மூடி. பார்ப்பதற்கு ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி அற்பமாகத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும், ஒரு ரப்பர் வளையமும், இரண்டு வால்வுகளும் இருக்கின்றன. மேலே 4 என்றோ 7 என்றோ எண் பொறித்திருக்கும். சதுர அங்குலத்துக்கு அத்தனை ராத்தல் அழுத்தம் வரும் வரையில் அது வாயைத் திறக்காது என்று பொருள். 7 ராத்தல் மூடி சரியாக வேலை செய்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதற்குப் பதிலாகச் சுமார் 110 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். உதகமண்டலத்து உயரத்திலோ திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். சமவெளியில் ஒழுங்காக ஓடுகிற வண்டி மலை மேலே போய் மானத்தை வாங்குவதன் ரகசியம் பல சமயம் இந்த மூடிதான். புது மூடி வாங்குவது மிகச் சுலபமான சிகிச்சை. அதை விட்டுவிட்டுப் பெரிய சிகிச்சைகளுக்குப் போகிறவர்கள் அநேகர்.

ஒன்றை மட்டும் தயவு செய்து மறக்காதீர்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியின் மேல் கையை வைக்கக் கூடாது. உள்ளே நூறு டிகிரிக்கு மேலேறியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிற நீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். பிறகும் கனத்த துணியை மேலே போட்டு, முதல் திருகில் நிறுத்தி, 'புஸ்' என்ற சத்தம் அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும். அதே போல, கொதித்துப் போன எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டவும் கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

சரி, மட்டத்தைக் குறைத்து நிரப்பியாயிற்று, மூடியும் புதிது போட்டாயிற்று. இன்னும் தண்ணீர் குறைகிறது. இனிமேல்தான் துப்பறியும் வேலை. இதற்கு எங்கள் மேற்கு மாம்பலத்துத் தெருவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரிடம் 1986-ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. "இதை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்காத உறவினர் கிடையாது. காரணம் அவருடைய மனைவியின் முழங்கால்கள். இரண்டுக்கும் ரண சிகிச்சை நடந்திருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் குனிந்து, மடங்கி, பள்ளத்தில் இறங்குவது போல் உட்கார வேண்டும். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அம்பாஸடரிலோ ஸீட்டு நாற்காலி உயரத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து, திரும்பி, சும்மா உட்கார்ந்தால் போதும். வாரம் இரண்டு நாள் தேகப் பயிற்சி சிகிச்சைக்கு அந்த மாமி பிறர் உதவி இல்லாமல் ஏறிப் போகிற ஒரே வாகனம் அதுதான்.

அந்த வண்டி தினம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தது. முதலில் பார்த்த மெக்கானிக், "ரேடியேட்டர் போச்சு, ஐயா! புதுசு போட்டுடலாம்" என்றார். இன்னொருவர் தண்ணீர்ப் பம்பில் ஈரத்தைக் கண்டு, பம்பையே மாற்றினார். பம்பு மாறியது, தாகம் மாறவில்லை. "இனிமேல் இதுக்குச் செலவு பண்ணாதீங்க, வித்துடுங்க" என்று அவர் புத்திமதியும் சொன்னார். அன்று சாயங்காலம் மாமி திண்ணையில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக் கொண்டிருந்ததாக ஆசிரியர் பிறகு என்னிடம் சொன்னார்.

கடைசியில் வந்தவர், தொழிலை விட்டுப் பேரன் பேத்திகளோடு இருந்த ஒரு கிழ மெக்கானிக். அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. "ஐயா, மூணு நாளைக்குத் தண்ணி ஊத்தாம இருங்க. ரொம்ப தூரம் ஓட்ட வேண்டாம். காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு குச்சியை விட்டு எவ்வளவு இறங்கியிருக்குன்னு மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியர் அல்லவா? உடனே நோட்டுப் புத்தகம் போட்டுவிட்டார். முதல் நாள் முக்கால் அங்குலம் இறங்கியது. இரண்டாம் நாள் ஒரு நூல் அளவு. மூன்றாம் நாள் ஒன்றும் இறங்கவில்லை.

"அப்படின்னா பம்பும் இல்லை, ரேடியேட்டர் அடியும் இல்லை. ஓட்டை மேலே இருக்கு" என்றார் கிழவர்.

இதில் உள்ள யுக்தியைக் கவனியுங்கள். குடத்தின் அடியில் ஓட்டை இருந்தால் குடம் காலியாகிற வரையில் ஒழுகும். கழுத்தில் ஓட்டை இருந்தால் கழுத்து வரையில் இறங்கி நின்றுவிடும். வண்டியின் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்து நின்றதால், அந்த மட்டத்தை ஒட்டித்தான் கசிவு இருக்க வேண்டும். பம்பு அதைவிடக் கீழே இருக்கிறது. அது ஒழுகினால் தண்ணீர் மேலும் மேலும் இறங்கியிருக்கும்.

மறுநாள் விடியற்காலையில், மட்டத்தைப் பழையபடி நிரப்பி ஓர் இரவு விட்டு வைத்த பிறகு, எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால், அவர் ஒரு டார்ச்சு விளக்கும் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டும் கொண்டு வந்தார். அம்பாஸடரின் 1,489 ஸி.ஸி. எஞ்சினில், தலைப்பகுதியின் முன்முனையில் தெர்மோஸ்டாட் என்ற கருவிக்கு மேலே, அலுமினியத்தில் வளைந்த ஒரு குழாய் மூடி உண்டு. ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸ் அதில்தான் மாட்டியிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் கண்ணாடியைக் காட்டினார். ஒரே ஒரு துளி தொங்கிக்கொண்டு நின்றது! அது உருண்டு நேராகக் கீழே உள்ள பம்பின் முகத்தில் விழுந்தது. பம்பில் ஈரம் இருந்த மர்மம் வெளியாயிற்று. ஈரம் இருக்கிற இடமெல்லாம் ஓட்டை இருக்கிற இடம் அல்ல. தண்ணீர் கீழ்நோக்கி ஓடும். வண்டி போகும்போது காற்றாடி அதைப் பின்னால் வாரி அடிக்கும். ஆகவே எப்போதும் ஈரத்தின் மிக உயர்ந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

ஹோஸைக் கழற்றியபோது உள்ளே அலுமினியம் உப்புப் பூத்து, கரையான் அரித்த கட்டை மாதிரி குழி குழியாக இருந்தது. எஞ்சின் சூடாக இருக்கையில் உலோகமும் ரப்பரும் விரிந்து ஒன்றையொன்று இறுக்கிக் கொள்ளும், கசியாது. இரவில் ஆறிச் சுருங்கும்போது குழிகளின் வழியே சொட்டுச் சொட்டாக வெளியேறும். பகலில் பட்டறைக்குக் கொண்டு போய் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தவர்கள் கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியம் என்ன? புதுப்பேட்டைக்குப் போய் அந்தக் குழாய் மூடி ஒன்றும், புது ஹோஸ், திருகி இறுக்கும் கிளிப் இரண்டு, நடுவில் வைக்கும் காகித பாக்கிங் ஆகியவையும் வாங்கி வந்தார்கள். எல்லாம் சேர்ந்து அனாவசியமாக மாற்றிய பம்பின் விலையில் பாதி கூட ஆகவில்லை.

உங்கள் வண்டியிலும் ஓட்டை அதே இடத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இராத்திரி வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்தப் பக்கம் என்று அது சொல்லும். சூட்டில் உடனே ஆவியாகிவிடுகிற கசிவுகூடத் தடயம் வைக்காமல் போகாது. உப்பு நீரானால் வெள்ளைக் கோடு, துருவானால் செங்கோடு, கூலண்ட் கலந்த நீரானால் பச்சைக் கறை. ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். இட்லி மாவு போல் கொழகொழத்தாலும் தவறு, விறகு போல் விறைத்தாலும் தவறு. பம்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துவாரம் விட்டிருப்பார்கள். அதிலிருந்து சொட்டினால் உள்ளே இருக்கிற ஸீல் தேய்ந்துவிட்டது என்று அது எச்சரிக்கிறது. துவாரத்தை அடைத்து வைப்பது அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது மாதிரி. எஞ்சினின் விலாவில் பெரிய காசு அளவில் வட்டத் தகடுகள் அடித்திருக்கும். உள்ளிருந்து துருப்பிடித்து அவையும் ஊசித் துவாரம் விடும். கையால் அழுத்தும் பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டிச் சோதிக்கிற பட்டறைகள் இருக்கின்றன. ஓடாத எஞ்சினிலேயே கசிவைக் காட்டிவிடும். ஆனால் மூடியில் போட்டிருக்கும் எண்ணுக்கு மேல் அழுத்தம் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். பழைய ரேடியேட்டர் தாங்காது.

ரேடியேட்டரே குற்றவாளி என்று ருசுவானாலும் இடிந்து போக வேண்டியதில்லை. அந்தக் காலத்து ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். அதைக் கழற்றி, வாய்களை அடைத்து, தொட்டியில் முக்கிக் காற்றடித்தால் குமிழி வருகிற இடம் தெரியும். அங்கே பற்றாசு வைத்துப் பற்றவைத்து விடுவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய இந்தக் காலத்துச் சரக்குக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

வெளியே எங்கும் ஈரமே இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் அதிகமான காப்பி நிறத்தில் நுரை கட்டியிருக்கிறதா? சூடான பிறகும் புகைக் குழாயில் வெண்புகை விடாமல் வருகிறதா? காலையில் கிளப்பி ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? அப்படியானால் ஹெட் காஸ்கெட்டுக்குச் சேதம் என்று சந்தேகிக்கலாம். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

வீட்டு வைத்தியம் என்றதும் மஞ்சள் தூள் ஞாபகத்துக்கு வருகிறது. நம் லாரி டிரைவர்கள் ஒரு பிடி மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போட்டு ஊர் போய்ச் சேர்ந்த கதைகள் அநேகம். சிரிக்காதீர்கள். 1958-ல் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான 'நாட்டிலஸ்', வட துருவத்துக்குப் பனிக்கட்டிக்கு அடியில் போவதற்கு முன், அதன் கண்டென்ஸரில் ஒரு கசிவு ஏற்பட்டது. எவ்வளவோ தேடியும் இடம் அகப்படவில்லை. மாலுமிகள் சாதாரண உடையில் சியாட்டில் நகரத்துக் கடைகளுக்குப் போய், கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கசிவடைப்பு மருந்தை நூறு டப்பாக்களுக்கு மேல் வாங்கி வந்தார்கள். அதை ஊற்றிக் கசிவை நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டு 3-ஆம் தேதி கப்பல் துருவத்தைக் கடந்தது! ஆனால் கப்பற்படையும் லாரி டிரைவரும் செய்தது ஆபத்துக்கு உபாயம். துவாரத்தை அடைக்கிற பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கழுவி, உண்மையான ஓட்டையைப் பார்த்தாக வேண்டும்.

ஓட்டையை அடைத்த பிறகு மறுபடி குழாய்க் கிணற்று நீரையே ஊற்றினால் இரண்டு மூன்று வருஷத்தில் இதே கதைதான். சென்னையின் உப்பு நீர் உள்ளே படிந்து உலோகத்தைத் தின்றுவிடும். பாட்டரிக்கு ஊற்றுகிற சுத்த நீரில் கூலண்டை டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் பனி உறைகிறதா, அது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு குணம். துருப்பிடிக்காமல் காப்பது நமக்கு வேண்டிய குணம். ஆனால் அது தித்திக்கும் விஷம். தரையில் சிந்தினதை நாயும் பூனையும் ஆவலாக நக்கும். குழந்தைகள் வாயில் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் மூத்திரக் காய்களைக் கெடுத்துவிடும். சிந்திய இடத்தை உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைச் சோடாப் புட்டியில் ஊற்றிச் சமையலறைப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள்.

நிரப்பியதும் மூடியைப் போடாமலே எஞ்சினைச் சற்று நேரம் ஓட விட்டால் உள்ளே அகப்பட்ட காற்று குமிழி விட்டு வெளியேறும். மட்டம் கொஞ்சம் இறங்கும். அதை ஈடு செய்து மூடுங்கள். புதிய கிளிப்புகளை இரண்டு நாள் ஓட்டின பிறகு ஒரு தடவை இறுக்க வேண்டும். புது ரப்பர் சூட்டில் அமுங்கிக் கொடுக்கும். பிறகு இரண்டு வாரம் குச்சியும் நோட்டுப் புத்தகமும்.

எங்கள் தெரு ஆசிரியருடைய நோட்டில் பதினாலு நாளும் ஒரே அளவு எழுதியிருக்கிறது. பதினைந்தாம் நாள் அவர் மாமியை ஏற்றிக்கொண்டு, காஞ்சீபுரத்துக்குப் போய் வந்தார். செம்பைப் பூஜை அறைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.